சலவை மெஷினுக்குச் சுருதி சேர்த்தவர்

வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லி இறக்கி வைத்துவிடுகிறேன். அமெரிக்காவின் தெற்கே பருத்திக்காட்டுப் பக்கத்துக் கறுப்பின மக்கள் ஒற்றைக் கிற்றாரோடு பாடிய கன்ட்ரி புளூஸ் என்னும் இசையை, சைவ சமயத்தவரின் புதன்கிழமை வழிபாடு என்று நான்கு பக்கத்தில், பிழையில்லாத ஜேர்மன் மொழியில் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பியவன் நான். 'நீரால் தூய்மை செய்யும் சடங்குக்குரிய பக்கவாத்தியம்' என்ற தொடர் அந்தக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் வருகிறது. அதை எழுதி முடித்தபோது எனக்கு நானே கைகொடுத்துக்கொள்ளாதது ஒன்றுதான் குறை.

கடிதத்தின் அடியில் கையெழுத்து வைத்தவர் வேறொருவர். அவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

சுவிஸில், லாங்கன்தால் என்ற ஊரில் ஒரே கட்டடத்தில் பன்னிரண்டு வருடம் இருந்தோம். அவர் முதலாம் மாடி, நான் மூன்றாம் மாடி. கதவுப் பிணைச்சல் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு அதிகாலை வேலை. பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்பிவிடுவார். கட்டையான ஆள், நரைத்த மீசை, எந்நேரமும் இப்போதுதான் எதையோ மறந்தவர்போன்ற முகம். ஆனால் வலது கையின் கட்டைவிரல் மட்டும் எதையும் மறந்ததில்லை. பஸ்ஸில் இருக்கும்போதும், மருத்துவர் வீட்டில் முறைக்குக் காத்திருக்கும்போதும், அது தொடையில் டும்-டக், டும்-டக் என்று தன் பாட்டில் நடந்துகொண்டிருக்கும். மீதி ஆளுக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை இல்லை.

கிற்றாரை எடுத்தாலும் அதே கதைதான். கட்டைவிரல் தடித்த கம்பிகளில் நடக்கும். மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் வம்பளக்கும். இடது கைச் சின்னி விரலில், தொழிற்சாலையில் நட்டு முறுக்கும் பத்தொன்பது மில்லிமீட்டர் சாக்கெட்டை மோதிரம்போல மாட்டியிருப்பார். அந்த இரும்பைக் கம்பிமேல் வழுக்கவிட்டால், அழுகையை நிறுத்தலாமா வேண்டாமா என்று யோசிக்கும் குழந்தையின் சத்தம் வரும்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவருக்கு இது எங்கிருந்து பிடித்தது என்று கேட்காதவர் இல்லை. எண்பதுகளில் வந்து அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலத்தில், எமன்தாலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினாராம். அங்கிருந்த சமையல்காரரிடம் ஒரே ஒரு கசெற். உறை தொலைந்துபோனது. பாடியவர் யாரென்று சமையல்காரருக்கும் தெரியாது. இரண்டு வருடம், கோப்பை கழுவும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று அதையே கேட்டிருக்கிறார். வேலையை விட்டு வரும்போது சமையல்காரர் கசெற்றை அன்பளிப்பாகக் கொடுத்தார்.

"அறையிலை தனியப் போட்டுக் கேட்டன் தம்பி. பாட்டிலை பாதியைக் காணேல்லை."

"பாதியைக் காணேல்லையோ?"

"அடியிலை ஒரு இரைச்சல் போகும். அது பாட்டோடை சேந்தது எண்டெல்லோ நினைச்சிருந்தன். பாத்தா, அது மெஷின்."

அன்று பிடித்த வியாதி. கச்சேரிக்காரருக்குத் தம்புரா எப்படியோ, அவருக்கு ஒரு மெஷின் இரைய வேண்டும். இரையாவிட்டால் கட்டைவிரல் கம்பியைத் தொடாது. எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்ச் சலவையறையை முதல்முறை பார்த்தபோது, வீட்டைப் பார்க்க முன்னரே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கத் தயாராகிவிட்டார் என்று அவர் மனைவி சொல்லுவா. பழைய கட்டடம்; வீட்டுக்குள் மெஷின் வைக்க விடமாட்டார்கள். எல்லோருக்கும் கீழே ஒரு சலவை மெஷினும் ஒரு ட்ரையரும். கதவில் அட்டவணை. வீட்டுக்கு ஒரு நாள். அவர் நாள் புதன்.

மேலே வீட்டில் வாசிக்க வழியில்லை. மனைவி முதியோர் இல்லத்தில் இரவு வேலை. பகலில் தூங்க வேண்டும். கட்டட விதிப்படி ஞாயிற்றுக்கிழமை ஆணியடிக்கவே கூடாது. மத்தியானம் ஓய்வு நேரம். இந்த நாட்டில் சத்தம்போட அவர் பெயருக்கு எழுதித் தரப்பட்டிருந்தது புதன் பிற்பகல் ஒன்றுதான். கழுவுகிற மெஷின் எந்தச் சுருதியில் இரைகிறதோ அந்தச் சுருதிக்குக் கம்பிகளை முறுக்கி, முக்காலியில் இருந்து, துணி காயும்வரை வாசிப்பார்.

என் நாள் வெள்ளி. ஆனாலும் புதன்கிழமைகளில் நானும் ஒரு கூடையோடு கீழே இறங்கிவிடுவேன். வெறுங்கையோடு போய்ப் பாட்டுக் கேட்பவன் வேலையற்றவன். கூடையோடு போனால் குடும்பஸ்தன். கூடையில் அநேகமாக இருந்தவை, மலிவு விற்பனையில் நான் வாங்கிய ஆறு செம்மஞ்சள் துவாய்கள். அந்த நிறத்தில் முகம் துடைக்கமாட்டேன் என்று என் மனைவி அறிவித்திருந்தாள். அடிக்கடி கழுவினால் நிறம் இறங்கும் என்பது என் நம்பிக்கை. அவரும் ஒருநாளும் ஏன் கொண்டுவருகிறீர் என்று கேட்டதில்லை. தன் துணி முடிந்ததும் என்னுடையதைப் போட இடம் விடுவார்.

இன்னொரு வெட்கத்தையும் சொல்லியாக வேண்டும். சிறுவயதில் மூன்று வருடம் மிருதங்கம் பழகியவன் நான். பழக்கியவர் மூன்று வருடத்தோடு ஊரைவிட்டே போய்விட்டார். அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு, துணி அலசும் பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து அவருக்குப் பக்கவாத்தியம் வாசிக்க முனைந்தேன். போகமுன் நூலகத்தில் புத்தகம் எடுத்து வாசித்தேன்; இந்தப் பாட்டின் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு தாள அளவு, எண்ணிய இடத்தில் சுரம் மாறும் என்று அதில் இருந்தது. நானும் பன்னிரண்டு எண்ணிக்கொண்டு போனேன். அவரோ முதல் இடத்திலேயே குந்திவிட்டார். நான் அடுத்த இடத்துக்குப் போய் நின்று திரும்பிப் பார்க்கிறேன், ஆள் வரவில்லை. திரும்பி ஓடி வருகிறேன், அவர் அங்கே போய்விட்டார். ஒரு சுற்று பதின்மூன்றரை வரும், அடுத்தது பதினொன்று.

"அண்ணை, நீங்கள் எப்ப மாறுவியள் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"மாறேக்கை தெரியும்."

"அதுக்கு முதல்?"

"அதுக்கு முதல் எனக்கே தெரியாது தம்பி."

மனுசனே அப்படித்தான். ஓரிடத்தில் நின்றால், அந்த இடம் அவருக்கு முடியும்வரை நிற்பார். லாங்கன்தாலின் நடைபாதைகள், ஆறு பெருகினால் நனையாதிருக்க இடுப்பளவு உயரத்தில் கட்டியவை; அதன் விளிம்பில் நின்று தெருவுக்கு இறங்குவதா என்று அவர் யோசிக்கையில் கீழே கார்கள் மரியாதையாக நிற்கும். குடியுரிமை நேர்காணலில், ஏன் சுவிஸ்காரராக விரும்புகிறீர்கள் என்று கேட்டார்களாம். இவர் யோசித்தார். குழுவில் ஒருவர் எழுந்து யன்னலைத் திறந்துவிட்டு வந்து இருந்தார். இவர் இன்னும் யோசித்தார். கடைசியில், "எனக்கு இஞ்சை இருக்கப் பழகிட்டுது" என்றாராம். கொடுத்துவிட்டார்கள். நாற்பது பக்கக் கையேட்டைப் பாடமாக்கியிருந்த என்னிடம் அவர் வெளியே வந்து அதைச் சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. என்னிடம் எல்லாக் கேள்வியும் கேட்டார்கள்.

பாடுவது தமிழில். கசெற்றில் என்ன சொன்னார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை சரியாக விளங்கவில்லை. அதனால் தன்னுடைய சொற்களைப் போட்டுக்கொண்டார். ஒரு வரியை இரண்டு தரம் பாடுவார், மூன்றாவது வரியில் பதில் வரும். அந்த இசையின் வழக்கமே அதுதான் என்று புத்தகத்தில் இருந்தது. அவரிடம் வேறு விளக்கம் இருந்தது.

"முதல் தரம் சொன்னா ஆரும் கேக்கிறேல்லை. நீர் கந்தோர்களிலை பாத்திருப்பீர்தானே."

பார்த்திருக்கிறேன். என் தொழிலே அதுதான். அரசாங்கக் கந்தோர்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்க்கிறவன். சனத்துக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வதும், அதற்குப் பதில் எழுதுவதும் நானாகவே எடுத்துக்கொண்ட சேவை. அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை அவர் மேலே வந்தார். கையில் பதிவுத் தபால் உறை. கதிரையில் இருந்தார். தேநீர் ஆறியது. பிறகுதான் உறையை நீட்டினார்.

"ஃபெர்வால்டுங் போட்டிருக்கினம்."

கட்டடத்தை நிர்வகிக்கும் அலுவலகத்தை அப்படித்தான் சொல்வோம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். 'புதன்கிழமைகளில் சலவையறையை நீங்கள் பயன்படுத்தும் விதம் குறித்துக் குடியிருப்பாளரிடமிருந்து முறைப்பாடு வந்துள்ளது. பத்து நாட்களுக்குள் எழுத்தில் விளக்கம் தரவும். தவறினால், சலவையறையை நீங்கள் பயன்படுத்துவது பற்றி மறுபடி முடிவெடுக்க நேரும்.'

"கிற்றாரோ?" என்றார்.

"வேறையென்ன?" என்றேன்.

தொடையில் நடந்துகொண்டிருந்த கட்டைவிரல் நின்றது. அது நின்று அதற்கு முன் நான் கண்டதில்லை.

"அதையும் மறிச்சால் நான் எங்கை போய் வாசிக்கிறது தம்பி? வீட்டிலை மனிசி படுக்கோணும். எனக்கு வேறை இடமில்லை."

"நீங்கள் யோசியாதையுங்கோ அண்ணை. நான் பாத்துக்கொள்ளுறன்."

இந்த வாக்கியத்தை நான் சொல்லும்போது எதிரே இருப்பவர்கள் எழுந்து ஓடிவிட வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அது இன்னும் பழக்கமாகவில்லை.

அன்றிரவே எழுதத் தொடங்கி மூன்று நாளில் முடித்தேன். கிற்றார் என்றால் தடுப்பார்கள். சமயம் என்றால் தயங்குவார்கள். அரசியலமைப்பின் சமய சுதந்திரம் முதல் பக்கத்தில் வந்தது. நரம்புக் கருவிகளின் தெய்வீகம் இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கத்தைத்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டேனே. சலவை மெஷினின் இரைச்சலை 'ஆதிநாதத்தின் குறியீடு' என்று நான்காம் பக்கத்தில் குறிப்பிட்டிருந்தேன். அவர் பேனாவை வாங்கினார்.

"என்ன எழுதினனீர்?"

"உங்கடை பக்க நியாயம்தான்."

"நாலு பக்கமோ? எனக்கு அவ்வளவு நியாயம் இருக்கே?" என்று கேட்டபடியே கையெழுத்து வைத்தார்.

ஒரு கிழமை கழித்து நிர்வாகத்திலிருந்து ஒரு பெண்மணி தொலைபேசியில் எடுத்தார். மிக மரியாதையான குரல். விரிவான பதிலுக்கு நன்றி சொன்னார். முறைப்பாடு ட்ரையரின் பஞ்சுச் சல்லடை பற்றியது. ஒவ்வொரு புதனும் அதைத் துப்பரவாக்காமல் விட்டுவிடுகிறார்கள், அடுத்த நாள்காரர் பஞ்சை அள்ள வேண்டியிருக்கிறது. இதெல்லாம் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது என்றார்.

நான் கடிதத்தைத் திருப்பினேன். பின்பக்கம் இருந்தது.

என் பக்கத்திலும் நியாயம் உண்டு. பதினைந்து வருடமாக அகதி விண்ணப்பக் கடிதங்களை வாசித்தவன். எனக்கு வந்து சேர்ந்த கடிதங்களில் பின்பக்கத்தில் இருந்தது எப்போதும் ஒன்றுதான்: எத்தனை நாளுக்குள் எங்கே மேன்முறையீடு செய்யலாம் என்ற அதே பந்தி. அதனால் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதையே என் கண் கைவிட்டுவிட்டது.

"மேலும்," என்றார் பெண்மணி, "சலவையறையில் ஓர் இசைக்கருவி இருப்பது எங்களுக்கு இதுவரை தெரியாது. புதன்கிழமை மூன்று மணிக்கு வந்து பார்க்கிறோம்."

முதலாம் மாடிக்கு இறங்கிப் போனேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான படிக்கட்டில் நான் இறங்கியதில்லை.

"அண்ணை, முறைப்பாடு கிற்றாரைப் பற்றி இல்லையாம். ட்ரையர்ச் சல்லடையாம்."

அவர் முகம் மலர்ந்தது. பிறகு யோசித்தார். நெடுநேரம் யோசித்தார்.

"அப்ப கிற்றாரைப் பற்றி அவைக்கு ஆர் சொன்னது?"

"நான்தான்."

"நாலு பக்கம்."

"ஓம் அண்ணை."

பருத்திக்காட்டில் தொடங்கிய இசை, கடைசியில் பருத்திப் பஞ்சில் வந்து சிக்கியது என்றொரு பகிடி அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, அன்றைக்கு மட்டும் ஒரு தேவாரத்தைக் கிற்றாரில் வாசித்துவிட்டால் நான் எழுதியது பொய்யாகாது என்று யோசனை சொன்னேன்.

"தேவாரத்துக்குச் சாக்கெட் சரிவராது," என்றார்.

புதன் வந்தது. எல்லாம் வழமைபோல இருக்க வேண்டும் என்று நானும் வழமைபோலக் கூடையோடு, வழமையைவிட வேளைக்கே போய் என் துணியை முதலில் போட்டிருந்தேன். அவர் வீட்டுப் படுக்கை விரிப்புகள் மெஷினில் இரைந்தன. என் துணி ட்ரையரில் சுற்றியது. மூன்று மணிக்கு ஒரு நிமிடமிருக்க நிர்வாகப் பெண்மணி கோப்போடு வந்தார். கூடவே இரண்டாம் மாடியில் தனியாக இருக்கும் சுவிஸ் மூதாட்டி, வியாழன் அவருடைய நாள், முறைப்பாடு அவருடையது. அவர்கள் படியிறங்கும் சத்தம் கேட்டதுமே அண்ணை ஒரு காரியம் செய்தார். எப்போதும் சுவரோரம் இருக்கும் முக்காலியை இழுத்து ட்ரையருக்கு முன்னால் போட்டு, அதன் வட்டக் கண்ணாடியில் முதுகு படும்படி இருந்துகொண்டார். பயத்தில் மனுசன் இடம் மாறி இருக்கிறார் என்று நினைத்தேன்.

மூதாட்டி கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே பூனைக்குட்டி அளவில் செம்மஞ்சள் பஞ்சு. உறையின் மேல் திகதி எழுதி ஒட்டியிருந்தது.

"இது உங்களுடையதா?" என்று கேட்டார் நிர்வாகப் பெண்மணி.

அவர் உறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி உறையைப் பார்த்தார். பாட்டில் ஓரிடத்தில் குந்திவிடுவாரே, அதே மாதிரி. மெஷின் இரைந்துகொண்டிருந்தது. நான் மனதுக்குள் பன்னிரண்டு எண்ணி முடித்து மறுபடி தொடங்கினேன்.

"என்னுடையதுதான்," என்றார் அவருடைய சுவிஸ் ஜேர்மனில். "மன்னிக்க வேண்டும். இனி நடக்காது."

"நல்லது. இப்போது அந்த வழிபாடு," என்றார் பெண்மணி.

கம்பிகளை மெஷினோடு சேர்த்தார். கட்டைவிரல் நடக்கத் தொடங்கியது. சாக்கெட் வழுக்கியது. பிறகு பாடினார். நான் அதற்கு முன் கேட்டிராத பாட்டு.

*கடிதம் ஒண்டு வந்தது, வாசிக்க ஆளைத் தேடினன்,*
*ஓம், கடிதம் ஒண்டு வந்தது, வாசிக்க ஆளைத் தேடினன்,*
*வாசிக்கத் தெரிஞ்சவன் வந்தான், முன்பக்கத்தோடை மூடினான்.*

"இந்தப் பிரார்த்தனையின் பொருள் என்ன?" என்று பெண்மணி என்னிடம் கேட்டார்.

"பாதிச் செய்தியோடு திரும்பிவந்த ஒரு தூதனைப் பற்றியது," என்றேன்.

அவர் அதைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார். கிற்றார் நின்றது.

"இது பிரார்த்தனை இல்லை," என்றார் அவர். "ஒரு கடிதத்தைப் பற்றிய பாட்டு. நான் சும்மா பாடுகிறேன். புதன்கிழமை மட்டும். வேறு இடம் இல்லை எனக்கு. இவர் நல்ல மனிதர், கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டார்."

பெண்மணி என்னைப் பார்த்தார். நான் மெஷினில் எத்தனை நிமிடம் மிச்சமென்று பார்த்தேன்.

வாய் திறந்தது மூதாட்டி. பாட்டைப் பற்றித் தனக்கு முறைப்பாடு இல்லை என்றார். குளியலறைக் குழாய் வழியாகப் பல வருடமாகக் கேட்கிறாராம். ஒரே ஒரு சிரமம்: முடிகிறது என்று நினைக்கும் இடத்தில் அது முடிவதில்லை; முடியட்டும் என்று காத்திருந்து காத்திருந்து குளியல் தொட்டியில் தண்ணீர் ஆறிப்போகிறது.

தீர்ப்பு ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டப்பட்டது. அவருடைய நாளில், அவருடைய துணி மெஷினில் இருக்கும் நேரம் வரை வாசிக்கலாம். முடிந்ததும் சல்லடையைத் துப்பரவாக்கிக் கையெழுத்து வைக்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பின் ஓட்டையை அவர் ஒரே கிழமையில் கண்டுபிடித்தார். பெரிய யோசனைக்காரரல்லவா. முன்கழுவலோடு தொண்ணூறு டிகிரியில் பருத்தித் துணிக்கு வைத்தால் மெஷின் இரண்டரை மணித்தியாலம் ஓடும். அன்றிலிருந்து அவர் வீட்டில் எல்லாம் தொண்ணூறில் வெந்தன. சேர்ட்டின் கை முழங்கைக்கு ஏறியது. கம்பளிச் சட்டை மகளுக்கு அளவானது, பிறகு மகளின் பழைய பொம்மைக்கு அளவானது. கழுவத் துணி போதாதபோது வீடு வீடாகப் போய்த் திரைச்சீலை கேட்டார். அந்த வட்டாரத்தில் எங்களைப்போல் சுத்தமான கட்டடம் இருந்திருக்காது. என் துவாய்கள் மட்டும் நிறம் இறங்கவில்லை. ஒவ்வொரு புதனும், என் துணி முடிந்தபிறகு, அவர் குனிந்து சல்லடையை உருவி, பஞ்சை விரலால் ஒற்றி எடுத்து, தாளில் கையெழுத்து வைப்பதை நான் முக்காலிக்குப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மனுசன் திருந்திவிட்டார் என்று எனக்குத் திருப்தி.

பிறகு மெஷினை மாற்றினார்கள். புதியது பூனை நடை, இரைச்சலே இல்லை. இனி வாசிக்கமாட்டார் என்று நினைத்தேன். அவர் அதன் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, என் பொறுமை தீரும்வரை நின்றார்.

"அரைக்கட்டை கூடப் பாடுது," என்றார். முறுக்காணிகளைத் திருகினார். "பிள்ளை வெக்கப்படுது. போகப் போகச் சரிவரும்."

மூன்று வருடத்துக்கு முன் மகளுக்கு உதவியாக எம்மன்புரூக்கேக்குக் குடிபோனார்கள். புதுக் கட்டடம், குளியலறைக்குள்ளேயே சொந்த மெஷின், எந்த நாளும் புதன்கிழமை. போகுமுன் கட்டடத்தில் எல்லோரையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். சாப்பிட்டு முடிய, நான் எழுந்து நாலு வார்த்தை பேசினேன். யாரும் கேட்கவில்லை, அது எனக்கு ஒரு தடையாக இருந்ததில்லை. அந்தப் புதன்கிழமைக் கதையை, பல வருடமாகச் சொல்லிச் சொல்லி மெருகேறிய விதத்தில், முழுதாகச் சொன்னேன். என் கடிதம் இல்லாவிட்டால் அவருக்கு எழுத்தில் அனுமதியே கிடைத்திருக்காது என்பதை அழுத்திச் சொன்னேன். இவ்வளவு பெரிய கலைஞருக்கும் ஒரு சின்னக் குறை இருந்ததே, சல்லடை துடைக்க மறந்துவிடுவாரே என்று முடித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். மூதாட்டிகூட, பக்கத்திலிருந்தவர் மொழிபெயர்த்துச் சொல்லச் சிரித்தார். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. மேசைமேல் கட்டைவிரல் நடந்துகொண்டிருந்தது.

பாயாசக் கோப்பையை என் கையில் தந்தபடி அவர் மனைவி சொன்னா:

"நல்லாக் கதைச்சனீர் தம்பி. அவர் அண்டைக்கு ட்ரையரை முதுகாலை மறைச்சுக்கொண்டு இருந்தது என்னத்துக்கெண்டு நினைச்சனீர்? உள்ளுக்கை சுத்தினது உம்மடை செம்மஞ்சள் துவாயெல்லோ."